கை விட்டாலும் விழாது

ஃப்ரீசரிலிருந்து கணவன் வெளியே எடுத்த டப்பாவை வாங்கித் திறந்தாள் சுட்டி. உள்ளே ஊசிகள் எல்லாம் ஐஸ் குச்சி மாதிரி விறைத்துக் கிடந்தன.

"இதை யாரு இங்க வெச்சது?"

கேட்கும்போதே பதில் தெரியும். அந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

"நான்தான்" என்றான். "ஞாயித்துக்கிழமை ரேடியோ அண்ணன் சாப்பிட வந்தாரே, அப்ப. தண்ணி எடுக்குறேன்னு அவரே போய் ஃப்ரிட்ஜைத் திறக்கப் பார்த்தாரு. டப்பா முன்னாடியே இருந்துச்சு. சட்டுனு எடுத்து மேல போட்டுட்டேன். பட்டாணி பாக்கெட்டுக்குப் பின்னாடி. அப்புறமா எடுத்து வெச்சுடலாம்னு நெனச்சேன்."

"நெனச்சீங்க."

"நெனச்சேன். அதோட மறந்துட்டேன்."

சுட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

சுட்டி என்பது பிறந்த வீட்டில் வைத்த செல்லப் பெயர். புகுந்த வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. தொழில், லிஃப்ட் மெக்கானிக். சொந்த ஊரில் அதே படிப்புக்கு அவளுக்குக் கிடைத்தது கம்பெனி அலுவலகத்தில் ஒரு நாற்காலியும் ஒரு டெலிபோனும். "மேடம், லிஃப்ட் நின்னுடுச்சு" என்று வருகிற புகாரைக் கேட்டு ஆண்பிள்ளைகளை அனுப்பிவைக்கிற வேலை. கடல் தாண்டி இங்கே வந்த பிறகுதான் ஸ்பேனரைக் கையில் கொடுத்தார்கள். இப்போது தகுதிகாண் காலம். கடைசிச் சோதனையில் தேறிவிட்டால் வேலை நிரந்தரம். கம்பெனி இன்சூரன்ஸும் அன்று முதல்தான்.

அவளுக்கு முடக்குவாதம். ஊசி போட்டால் கை அவள் சொன்னதைக் கேட்கும். போடாவிட்டால் காலையில் விரல்கள் வாழைப்பூ மாதிரி குவிந்துகொண்டு திறக்க மறுக்கும். இரண்டு வாரத்துக்கு ஒன்று. சோதனை முடியும்வரை தாக்குப்பிடிக்கும் அளவுக்கு ஊரிலிருந்தே கணக்காகக் கொண்டு வந்திருந்தாள். கம்பெனிக்கு இது தெரியாது. தெரிந்தால் ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டு மறுபடி டெலிபோனைக் கொடுத்துவிடுவார்கள் என்று பயம்.

அதனால்தான் ரேடியோவிடம் மறைத்தது. இந்த வேலைக்கு அவளைச் சிபாரிசு செய்த மனிதர் அவர். நல்லவர்தான். ஆனால் அவர் காதில் காலையில் விழுந்த சேதி, சாயங்காலத்துக்குள் ஒலிபரப்பாகிவிடும்.

"உருகட்டும். உருகினதும் போட்டுக்கலாமே?" என்றான் கணவன்.

சுட்டி ஊரிலிருந்த நாத்தனாருக்குப் போன் போட்டாள். நாத்தனார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். எது எந்தக் குளிரில் இருக்கவேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"அண்ணி, உறைஞ்ச ஊசி உருகினா பார்க்கத் தெளிவாத்தான் இருக்கும்" என்றாள் நாத்தனார். "உள்ள மருந்து செத்துப் போயிருக்கும். அதைக் குத்திக்கிறதும் ஒண்ணு, குழாய்த் தண்ணியக் குத்திக்கிறதும் ஒண்ணு. தூக்கிப் போடுங்க. அண்ணன் பக்கத்துல இருக்கானா? ஸ்பீக்கர்ல போடுங்க."

போட்டாள்.

"ஏண்ணா, ஃப்ரிட்ஜுக்கும் ஃப்ரீசருக்கும் வித்தியாசம் தெரியாத ஆளுக்கா எங்க அண்ணியக் கட்டி வெச்சோம்?"

"வெச்சிட்டீங்க. இப்ப என்ன பண்றது, அதைச் சொல்லு."

"தெரிஞ்சவங்க அடுத்த மாசம் அங்க வர்றாங்க. குடுத்து விடட்டுமா?"

"வேணாம்" என்றாள் சுட்டி. "அதுக்குள்ள சோதனை வந்துடும். அவங்க அதைப் பெரிய பெட்டியில போட்டு, அது விமானத்தோட வயித்துல கிடந்து மறுபடி உறைஞ்சு வரும். இனிமே யாரும் எதையும் எங்கயும் ஒளிச்சு வைக்க வேணாம்."

மறுநாள் இருவரும் மருந்துக்கடைக்குப் போனார்கள். கடைக்காரர் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, வாயால் சொல்ல மனம் வராமல் கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். ஒரு ஊசியின் விலை, அவர்கள் வீட்டின் ஒரு மாத வாடகை.

"ரெண்டா எடுத்துக்கறீங்களா?"

"இருங்க" என்றான் கணவன். "முதல்ல ஒண்ணைப் பார்த்து மூச்சு வாங்கிக்கிறோம்."

வாங்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "திரும்பிப் போயிடலாமா, சுட்டி? ஊர்ல இது நம்ம கைக்கு எட்டுற விலை. இங்க யானையைக் கட்டித் தீனி போடுற கதையாயிடும். நான் கிடங்குல பெட்டி தூக்குறேன், அங்க போனா அங்க தூக்கிட்டுப் போறேன்."

"நான் அங்க போனா எதைத் தூக்குறது? டெலிபோனையா?"



ஊசி போடவேண்டிய நாள் தாண்டியது. முதலில் வலது கைக் கட்டைவிரல் முரண்டு பிடித்தது. அப்புறம் மற்ற விரல்களும் அதனோடு சேர்ந்துகொண்டன. மாத்திரை மட்டும் போதவில்லை. வெந்நீரில் கையை ஊறவைத்தால் மத்தியானத்துக்குள் சரியாகிவிடும். ஆனால் லிஃப்ட் மத்தியானம் பார்த்தா நிற்கிறது?

வேறு வழியில்லாமல் வீட்டுக்குப் பக்கத்துத் தனியார் கிளினிக்கில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தார்கள். டாக்டரம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய சீட்டுகளைப் படித்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார். பிறகு பேனாவைத் திறந்து, மருந்துக்கடையில் திரையில் பார்த்த அதே பெயரை எழுத ஆரம்பித்தார்.

"டாக்டர், ஒரு நிமிஷம்" என்றாள் சுட்டி. "எங்க தொழில்ல கதவு மோட்டார் போச்சுன்னா, லிஃப்ட் பண்ணின கம்பெனியோட மோட்டார் ஒரு விலை. அதே வேலையைச் செய்யற, சோதிச்சு முத்திரை குத்தின வேற கம்பெனி மோட்டார் அதுல கால் வாசி. எந்தக் கட்டடக்காரரும் முதல்ல அதைத்தான் கேப்பாரு. இந்த மருந்துக்கு அப்படி வேற கம்பெனி எதுவும் இல்லையா?"

டாக்டரம்மாவின் பேனா நின்றது.

"இருக்கு. ரெண்டு மூணு கம்பெனி பண்றாங்க. நல்ல மருந்துதான். உங்களுக்கு ஒத்துக்கும்."

"அப்புறம் ஏன் இதையே எழுதறீங்க?"

"இங்க வர்றவங்களுக்கு இன்சூரன்ஸ் கட்டிடும். விலையைப் பத்தி யாரும் கேக்கறதில்ல. எனக்கும் கை பழகிப் போச்சு" என்றார். எழுதியதைக் கிழித்துவிட்டு நாற்காலியை முன்னால் நகர்த்தினார். "சம்பளத்துல சுகாதார வரின்னு பிடிக்கிறாங்களா?"

"முதல் மாசத்துல இருந்தே."

"அப்ப ஏன் என்கிட்ட வந்தீங்க? அரசாங்கத்தோட பெரிய ஆஸ்பத்திரியில அந்த வேற கம்பெனி ஊசியைத்தான் குடுக்குறாங்க. பேருக்கு ஒரு கட்டணம்."

"நிரந்தரம் ஆனாத்தான் அங்க பதிய முடியும்னாங்களே" என்றான் கணவன்.

"சாதாரணமா அப்படித்தான். ஆனா தள்ளிப்போட முடியாத நோய்னா முன்னாடியே பதியலாம், சட்டத்துல இடம் இருக்கு. நோய்க்கு நான் எழுதித் தர்றேன். வேலை பார்க்கற இடத்துல மேலதிகாரி ஒரு கையெழுத்து போடணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். டாக்டரம்மா சுலபமாகச் சொல்லிவிட்டார். கையெழுத்துப் போட வேண்டியவர் ஃபோர்மேன்.

ஃபோர்மேனுக்குக் கடுகு என்று பட்டப்பெயர். ஆள் சிறுசு, காரம் பெரிசு. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பூட்டுப் போட மறந்த ஒரு பையனை, மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட நிறுத்தாமல் வீட்டுக்கு அனுப்பியவர். "பூட்டு மறந்தவன் நாளைக்கு ஆளை மறப்பான்" என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னதாகக் கேள்வி.

"அவர்கிட்ட போய் எனக்குக் கை சரியில்லைன்னு சொல்லப் போறியா?" என்றான் கணவன்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சுப் பார்த்தோம். என்ன ஆச்சு? பூசணிக்காயும் போச்சு, சோறும் போச்சு. சொல்லத்தான் போறேன்."

"துரத்திட்டா?"

"அப்ப டிக்கெட் எடுங்க. ஆனா நானா போகமாட்டேன். துரத்தினாத்தான் போவேன்."

ஃபோர்மேனின் அறை, பணிமனையின் மூலையில் இருந்தது. பழைய பிரேக் கட்டைகள், சுருட்டி வைத்த இரும்புக் கயிறு, கிரீஸ் வாசனை. அவர் ஒரு கதவு உருளையை வெளிச்சத்தில் பிடித்துத் தேய்மானம் பார்த்துக்கொண்டிருந்தார். சுட்டி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் உருளையை மேசைமேல் வைத்தார்.

"எவ்வளவு காலமா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தே, சார்."

"இன்டர்வியூல கேட்டேனே, கை கால் எல்லாம் நல்லா இருக்கான்னு."

"கேட்டீங்க. நல்லா இருக்குன்னேன். அன்னைக்கு நல்லாத்தான் இருந்துச்சு."

"வக்கீல் மாதிரி பேசாத."

"சரி சார். மறைச்சேன்."

அவர் கொஞ்ச நேரம் அவள் விரல்களையே பார்த்தார். சுட்டி கையைப் பின்னால் கட்டிக்கொள்ளவில்லை.

"இதுல நான் கையெழுத்து போட்டா, இந்த ஆள் என்கிட்ட வேலையில தொடரப் போகுதுன்னு எழுதிக் குடுக்கறேன்" என்றார். "நாளைக்கு எவனோ ஒருத்தன் நடு மாடியில மாட்டிக்கிட்டு நிக்கறான். மேல நீ தனியா பிரேக்கைத் திறக்கறே. அந்த நேரம் கை விட்டுப் போச்சுன்னா?"

இந்தக் கேள்விக்காகத்தான் சுட்டி வழியெல்லாம் தன்னைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள்.

"சோதனையை நாளைக்கே வைங்க, சார். மத்தியானம் வேணாம். காலையில, வந்த உடனே. என் கை ரொம்ப மோசமா இருக்கற நேரம் அது. ஊசியும் போடலை. அப்ப செஞ்சு காட்டினா எப்பவும் செய்வேன்னு அர்த்தம்."

"செய்யலைன்னா?"

"நீங்க சொல்ல வேண்டியதில்ல. நானே போயிடுவேன். மாட்டிக்கிட்ட ஆளா, நீங்களே உள்ள நில்லுங்க."

பணிமனையில் அரைகுறையாக ஒட்டுக்கேட்டுக் கொண்டிருந்த வயரிங்காரன் கையிலிருந்த திருப்புளியை நழுவவிட்டான்.

"காலையில வா" என்றார் கடுகு.

விடிந்தது. விரல்கள் மூடிக்கொண்டு கிடந்தன. சட்டைப் பொத்தானைக் கணவன்தான் போட்டுவிட்டான். வெந்நீர்ப் பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தான்.

"வேணாம்" என்றாள் சுட்டி. "வெந்நீர் வெச்சுக்கிட்டுப் போனா அது ஏமாத்து."

"பரீட்சைக்கு முன்னாடி படிக்கறதும் ஏமாத்தா?"

"இன்னைக்கு ஆமா."

அவன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனான். போகிற போக்கில் அவள் ஷூ நாடாவையும் குனிந்து கட்டிவிட்டுப் போனான்.

எட்டு மாடிக் கட்டடம். அலுவலகங்கள் திறக்க இன்னும் நேரம் இருந்தது. நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே லிஃப்டை நிறுத்தியிருந்தார்கள். உள்ளே ஃபோர்மேன் தனியாக. மொட்டை மாடி மெஷின் ரூமில் சுட்டியும், சாட்சியாக வயரிங்காரனும். அவன் எதையும் தொடக்கூடாது என்பது கடுகின் உத்தரவு.

மெயின் சுவிட்சை உள்ளங்கையால் தள்ளி அணைத்தாள். பூட்டைப் போட வேண்டும். சாவியைத் திருப்ப கட்டைவிரல் வேண்டும். கட்டைவிரல் விடுமுறையில் இருந்தது. சாவியை இரண்டு கை முட்டிகளுக்கும் நடுவே வைத்து, மணிக்கட்டைத் திருப்பினாள். டக்கென்று விழுந்தது பூட்டு.

"நான் வேணா..." என்றான் வயரிங்காரன்.

"நீ வேணாம்."

இண்டர்காமை முழங்கையால் அழுத்தினாள். "லிஃப்ட்ல இருக்கறவங்களுக்கு வணக்கம். நான் மெக்கானிக். நீங்க பத்திரமா இருக்கீங்களா?"

"எனக்கு மூச்சு முட்டுது" என்றது கடுகின் குரல். "மேல மீட்டிங் இருக்கு. யாரைக் கேட்டு லிஃப்டை நிறுத்தினீங்க? நான் வழக்கு போடுவேன்." மனிதர் நடிப்பதில் கஞ்சத்தனம் காட்டவில்லை.

"மூச்சு முட்டாது சார், காத்து வர வழி இருக்கு. கதவைத் தொடாம பின்னாடி சுவரோட நில்லுங்க. இப்ப லிஃப்ட் மெதுவா மேல நகரும். பயப்படாதீங்க."

ஒரே ஆள் ஏறிய லிஃப்ட் மேலேதான் போகும். மறுபக்கம் தொங்குகிற எதிர் எடை அதைவிடக் கனம். பிரேக்கைத் திறந்தால் போதும், எடை இழுத்துக்கொள்ளும். சுட்டி நீளமான லீவரை அதன் இடத்தில் சொருகினாள். இரண்டு கையாலும் பற்றி அழுத்தினாள்.

பிரேக் திறந்தது. பெரிய சக்கரம் சுழல ஆரம்பித்தது. இரும்புக் கயிறு நகர்ந்தது. ஒரு சாண். இன்னொரு சாண்.

அப்போது விரல்கள் விட்டுவிட்டன.

லீவர் மேலே எகிறியது. சக்கரம் தடாலென்று நின்றது. கட்டடம் முழுக்க அந்தச் சத்தம் இறங்கிப் போனது. வயரிங்காரன் கண்ணை மூடிக்கொண்டான்.

"என்ன ஆச்சு?" என்று கேட்டது இண்டர்காம். இந்த முறை நடிப்பில்லை.

பொய் சொல்லலாம். சோதனைக்காக நிறுத்திப் பார்த்தேன் என்று ஒரு வார்த்தை. யாருக்கும் தெரியாது.

"கை விட்டுப் போச்சு, சார்" என்றாள். "லிஃப்ட் நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு."

"கீழ விழலையே?"

"விழலை."

"நேத்து நீங்க கேட்ட கேள்விக்கு அதான் சார் பதில். கை விட்டா பிரேக் தானா பிடிச்சுக்கும். நல்ல கையும் ஒருநாள் விடும்னு தெரிஞ்சுதானே இந்த மெஷினைப் பண்ணியிருக்காங்க. என் கையால உங்களுக்குத் தாமதம் ஆகலாம். ஆபத்து ஆகாது. தாமதத்துக்கு ஒரு வழி பண்றேன், இருங்க."



அவள் லீவரைச் சுற்றி வந்தாள். பிடிக்க விரல் வேண்டும். அழுத்த விரல் எதற்கு? மறுபக்கம் போய் நின்று, முன்கையை லீவரின்மேல் குறுக்காக வைத்து, தோளைச் சாய்த்தாள். உடம்பின் கனம் இறங்கியது. பிரேக் வாய் திறந்தது. கயிறு நகர்ந்தது. தோளைக் கொஞ்சம் தூக்கினால் நின்றது. சாய்ந்தால் ஓடியது. இரு கையாலும் பிடித்துத் திணறியதைவிட இது அடக்கமாக இருந்தது. சாய்ந்து, நிமிர்ந்து, சாய்ந்து, ஊஞ்சலில் குழந்தையை ஆட்டுகிற பக்குவத்தில் லிஃப்டை ஏற்றினாள்.

கயிற்றில் ஒவ்வொரு மாடிக்கும் மஞ்சள் கோடு உண்டு. ஐந்தாம் மாடிக் கோடு கீழிருந்து ஊர்ந்து வந்தது. மெஷின் சட்டத்திலிருந்த அம்புக்குறியை நெருங்கியது. கடைசி விரற்கடைக்கு அவள் மூச்சை நிறுத்திக்கொண்டு, தோளை இறகு மாதிரி தூக்கினாள்.

கோடும் குறியும் ஒன்றாயின.

லீவரைக் கழற்றி மாட்டிவிட்டு, படியிறங்கி ஐந்தாம் மாடிக்குப் போய், நீளச் சாவியால் வெளிக்கதவைத் திறந்தாள். உள்ளே கடுகு பின்சுவரோடு நின்றிருந்தார், சொன்னபடியே. அவர் முதலில் வெளியே வரவில்லை. ஷூ முனையை லிஃப்ட் தரையிலிருந்து மாடித் தரைக்கு மெதுவாக இழுத்துப் பார்த்தார். ஷூ எங்கும் தட்டவில்லை. திரும்பவும் ஒருமுறை இழுத்தார்.

"முழங்கையால பிரேக் திறக்கற ஆளை இப்பத்தான் பார்க்கறேன்" என்றார்.

"முன்கை, சார்."

"திருத்தாத. அந்த லீவர் முனையில ஒரு பட்டைத் தகடு வெல்டிங் பண்ணச் சொல்றேன். எல்லாரும் அப்படியே அழுத்தட்டும். விரல்ல பிடிச்சு நாங்க எத்தனை பேர் தோலை உரிச்சுக்கிட்டோம்." பேனாவை எடுத்தார். "எங்க போடணும் கையெழுத்து?"

சுட்டி காகிதத்தை நீட்டினாள். அங்கேயே, சுவரில் வைத்து, கையெழுத்துப் போட்டார்.

"வேலை நிரந்தரம். மறைச்சதுக்குத் தண்டனை தனி. கை சரியானதும் இந்த வட்டாரத்துல இருக்கற அத்தனை லிஃப்டுக்கும் அடியில உள்ள பள்ளத்தையும் நீதான் கூட்டிப் பெருக்கணும்."

"சரி சார்."

"சிரிச்சுக்கிட்டே சொல்லாத. அது தண்டனை."

சேதி பரவ வேண்டிய வேகத்தில் பரவியது. சாயங்காலமே ரேடியோ வீட்டுக்கு வந்துவிட்டார். கணவன் கதவைத் திறந்து, தயாராக முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டான். மனிதரோ உள்ளே வந்து, யாரும் சொல்லாமலே கதவைச் சாத்தினார்.

"ஏம்மா, அந்தப் பெரிய ஆஸ்பத்திரி விஷயம்" என்றார், அவர் வாயிலிருந்து இதுவரை யாரும் கேட்டிராத சின்னக் குரலில். "எங்க வீட்டுக்காரம்மாவுக்கு இன்சுலின். நாங்க வந்த நாள்ல இருந்து ஊர்ல இருந்துதான் வரவழைக்கிறோம். வெளிய சொன்னா வேலைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு யார்கிட்டயும் மூச்சு விடலை. அவளையும் அங்க பதிய முடியுமா?"

சுட்டியும் கணவனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊர் சேதியெல்லாம் ஒலிபரப்பியவர், தன் வீட்டுச் சேதிக்கு மட்டும் இத்தனை வருஷமாக மின்வெட்டு வைத்திருக்கிறார்.

"நாளைக்குக் காலையில அக்காவையும் கூட்டிட்டு வாங்கண்ணா" என்றாள் சுட்டி. "சேர்ந்தே போலாம்."

பெரிய ஆஸ்பத்திரியில் கூட்டம் பெரிசாக இருந்தது. வரிசைகள், டோக்கன்கள், ரத்தம், எக்ஸ்ரே, மறுபடி வரிசை. மருந்து கைக்கு வரும்போது பொழுது நன்றாக ஏறிவிட்டது. வேற கம்பெனி ஊசி. பெட்டியின் நிறம் வேறு, உள்ளே மருந்து அதே வேலைக்காரன். கட்டணம் செலுத்தும் ஜன்னலில் கணவன் சட்டைப்பை, பேன்ட் பை எல்லாவற்றிலும் திணித்துக் கொண்டுவந்த பணத்தை எடுத்து வைத்தான். கிடங்கில் முன்பணமாகக் கேட்டு வாங்கியது. ஜன்னல்காரி அதிலிருந்து ஒரே ஒரு தாளை உருவிக்கொண்டு, மீதியைத் தள்ளிவிட்டு, சில்லறையும் கொடுத்தாள்.

"அவ்வளவுதானா?" என்றான்.

"இன்னும் வேணும்னா உண்டியல் வாசல்ல இருக்கு" என்றாள் அவள். "அடுத்தவங்க வாங்க."

நர்ஸ் ஒரு தனி அறையைக் காட்டினாள். அறைக்குள் யாரோ இருந்தார்கள். சுட்டி காத்திருக்கவில்லை. கூடத்து பெஞ்சிலேயே உட்கார்ந்தாள். எதிரே நாற்பது ஐம்பது பேர். ரேடியோவும் அவர் மனைவியும் டோக்கனைப் பிடித்தபடி பக்கத்து வரிசையில். சட்டை ஓரத்தைச் சற்றே ஒதுக்கி, ஊசியை வயிற்றில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தினாள். சின்னதாக ஒரு சொடுக்குச் சத்தம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவர் எட்டிப் பார்த்துவிட்டு, அவள் முழங்கைக்கு இடம் வேண்டுமென்று நகர்ந்து உட்கார்ந்தார்.

கை இன்று சரியாகாது. நாளையும் ஆகாது. கொஞ்ச நாள் பிடிக்கும். அது அவளுக்குத் தெரியும். ஆனால் இனி ஒவ்வொரு ஊசியையும் எண்ணி எண்ணிப் பார்த்துப் பதற வேண்டியதில்லை.

கணவனின் கையிலிருந்த அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரைப் போட்டு நீட்டினான். கடுகு.

"எங்க இருக்கே?"

"ஆஸ்பத்திரியில, சார். ஊசி போட்டாச்சு."

"அதே ஆஸ்பத்திரியில பின்பக்கக் கட்டடத்துல லிஃப்ட் நின்னுடுச்சாம். உள்ள மூணு பேர். வேன் வர நேரமாகும், வயரிங்காரனைச் சாவியோட அனுப்பியிருக்கேன். நீ இன்னைக்கு லீவு. முடியலைன்னா முடியலைன்னு சொல்லு, தப்பில்ல."

சுட்டி எழுந்து நின்று, கணவனிடம் ஷூவை நீட்டிக் காட்டினாள். அவிழ்ந்திருந்த நாடாவை அவன் குனிந்து கட்டினான்.

"மூணு பேர்ல யாராவது கனமான ஆளா, சார்?"

"எதுக்குக் கேக்கறே?"

"லிஃப்ட் மேல போகுமா, கீழ போகுமான்னு தெரியணும்ல. உள்ள இருக்கறவங்களுக்கு முதல்ல அதைச் சொல்லணும்."

அந்தப் பக்கம் கடுகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். சிரிப்பை மறைக்கிற கனைப்பு அது.

"கேட்டுச் சொல்றேன். நீ போ."

சுட்டி ஏற்கனவே பாதிக் கூடத்தைக் கடந்திருந்தாள்.